காணாமல் போகும் நிறை: குவார்ட்ஸ் நுண்தராசில் பாலிமர் படலங்கள்

குவார்ட்ஸ் நுண்தராசு என்பது மின்சாரத்தால் ஆடும் ஒரு மெல்லிய படிகத் தகடு, அதன் மேல் நிறை ஏறினால் ஆட்டத்தின் அதிர்வெண் இறங்கும். 5 மெகாஹெர்ட்ஸ் குவார்ட்ஸ் படிகத்தோடு பழகியவர்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் 17.7 என்று சொல்லிவிடுவார்கள். அதிர்வெண் 1 ஹெர்ட்ஸ் இறங்கினால், ஒரு சதுர சென்டிமீட்டரில் 17.7 நானோகிராம் ஏறியிருக்கிறது என்று பொருள். குந்தர் சாவர்பிரே 1959-இல் கொடுத்த சமன்பாட்டில் குவார்ட்ஸின் அடர்த்தியையும் விறைப்புக் குணகத்தையும் போட்டால் கிடைக்கும் எண் இது. எளிமையானது, அழகானது, பயனுள்ளது. ஆனால் அதற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. படலம் மெல்லியதாக இருக்க வேண்டும், படிகத்தைப் போலவே விறைப்பாக இருக்க வேண்டும், மேற்பரப்பு முழுக்கச் சீராகப் பரவியிருக்க வேண்டும். வெற்றிடத்தில் படியவைத்த உலோகப் படலம் மூன்றிலும் தேறிவிடும். நீரில் ஊறிய பாலிமர் இரண்டாவதிலேயே தவறும். இருந்தும் பாலிமர் படலங்களைப் பற்றிய அறிக்கை பலவற்றில் 'மூன்றாம் மேற்சுரத்தின் அதிர்வெண் மாற்றத்திலிருந்து நிறை கணக்கிடப்பட்டது' (படிகம் தன் அடிப்படை அதிர்வெண்ணின் மூன்று, ஐந்து, ஏழு மடங்குகளிலும் ஆடும், அவையே மேற்சுரங்கள்) என்று ஒற்றை வரி இருக்கும், அதற்குக் கீழே மூன்று இலக்கத் துல்லியத்தில் நிறை இருக்கும். இந்த வரிதான் உறுத்துகிறது. படிகம் நிறையை அளப்பதில்லை. தன் முகத்தில் உட்கார்ந்திருக்கும் பொருள் தன்னை எவ்வளவு இழுக்கிறது என்பதை மட்டுமே அது அளக்கிறது. இழுப்பை நிறையாக மாற்றுவது நாம்தான், பிழையும் பெரும்பாலும் அந்த மாற்றத்தில்தான் நுழைகிறது.

உலர்ந்த படலம்

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடலாம். உலர்ந்த, மெல்லிய பாலிமர் படலத்தை நைட்ரஜனில் அளந்தால் சாவர்பிரே கணக்கு அப்படியே பொருந்தும். பாலிமர் ரப்பர் போல மென்மையாக இருந்தாலும் பொருந்தும். படலத்தின் வெளிப்பக்கத்தில் காற்றோ நைட்ரஜனோதான் இருக்கிறது, படலத்தை வளைக்க அங்கே விசை எதுவும் இல்லை. ஆகவே அது படிகத்தோடு ஒட்டிக்கொண்டு ஒன்றாகவே ஆடுகிறது. மென்மையால் வரும் திருத்தம் தடிமனின் மூன்றாம் அடுக்கைப் பொறுத்து ஏறுவதால், சில பத்து நானோமீட்டரில் அது கண்ணிலேயே படாது. 100 நானோமீட்டர் பாலிஸ்டைரீன் படலம் அடிப்படை அதிர்வெண்ணை ஏறத்தாழ 590 ஹெர்ட்ஸ் இறக்கும். அதை நம்பலாம்.

இங்கே பிழை வருவது இயற்பியலிலிருந்து அல்ல, கைவேலையிலிருந்து. படலம் பூசிய படிகத்தையும், அதே பெட்டியிலிருந்து எடுத்த இன்னொரு வெற்றுப் படிகத்தையும் ஒப்பிடவே கூடாது, ஏனென்றால் படிகத்துக்குப் படிகம் அடிப்படை அதிர்வெண்ணே ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸ் வேறுபடலாம். அதே படிகத்தைப் பூசும் முன்பும் பூசிய பின்பும் அளக்க வேண்டும். அப்படிச் செய்தாலும், படிகத்தைக் கழற்றி மீண்டும் தாங்கியில் வைக்கும்போது அதைப் பிடித்திருக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் அழுத்தும் இடமும் விசையும் மாறும், அதனால் மட்டுமே சில ஹெர்ட்ஸ், சமயத்தில் அதற்கும் மேல், நகரும். இதற்கு மருந்து ஒன்றுதான். வெற்றுப் படிகத்தை ஐந்து முறை கழற்றி மாட்டி, ஐந்து முறையும் எல்லா மேற்சுரங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தச் சிதறல்தான் உங்கள் உண்மையான பிழை எல்லை, கருவி திரையில் காட்டும் 0.1 ஹெர்ட்ஸ் அல்ல. இந்தச் சிதறல் அடிப்படை அதிர்வெண்ணில்தான் மிக அதிகமாக இருப்பதைக் காண்பீர்கள். அங்கே அதிர்வு படிகத்தின் நடுவில் உள்ள தங்க மின்முனையைத் தாண்டி ஓரம் வரை பரவி, ஓ-ரிங்கைத் தொடுகிறது. மேற்சுரங்களில் அதிர்வு நடுப்பகுதிக்குள் அடங்கிவிடும். அடிப்படை அதிர்வெண்ணைப் பலரும் ஒதுக்கிவிட்டு மூன்றாவதிலிருந்து தொடங்குவது இதனால்தான், அதில் தவறில்லை.

நடுப்பகுதியில் உணர்திறன் அதிகம், ஓரத்துக்குப் போகப் போக மணிவடிவில் குறையும். துளியாக விட்டு உலர்த்திய கரைசல் ஓரத்தில் வளையமாகத் தடித்துக் காயும். அப்படிப்பட்ட படலத்தில் ஓரத்து நிறையைப் படிகம் குறைத்துத்தான் பார்க்கும், 17.7 அங்கே செல்லாது. படிகத்தை வேகமாகச் சுழற்றிக் கரைசலைப் பரப்பும் ஸ்பின் கோட்டிங்கில் நடுப்பகுதி சீராக வரும், ஆனால் வேறு இரண்டு தொல்லைகள் உண்டு. விளிம்பில் தடித்த வரம்பு ஒன்று தங்கும், ஓ-ரிங் அதன்மேல் உட்காரும், அழுத்தத்தில் பாலிமர் மெல்ல மெல்ல நகரும், அதிர்வெண் மணிக்கணக்கில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே போகும். கரைப்பானில் தொட்ட பஞ்சுக்குச்சியால் விளிம்பைத் துடைத்துவிட்டால் போதும். இரண்டாவது, கரைசல் விளிம்பைச் சுற்றிப் பின்பக்கம் கசிவது. படிகத்துக்கு முன்பக்கமும் ஒன்றுதான், பின்பக்கமும் ஒன்றுதான், இரண்டையும் கூட்டியே காட்டும்.

கரைப்பான் தங்குவதையும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. டொலுவீனிலிருந்து பூசிய பாலிஸ்டைரீனை 60 டிகிரியில் வைத்து 'உலர்ந்துவிட்டது' என்று சொல்வது பழக்கமாகிவிட்டது. பாலிஸ்டைரீன் கண்ணாடிநிலையிலிருந்து இளகுவது சுமார் 100 டிகிரியில். அதற்குக் கீழே சங்கிலிகள் உறைந்திருப்பதால் எஞ்சிய டொலுவீன் உள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். இளகுநிலைக்கு 10 அல்லது 20 டிகிரி மேலே, வெற்றிடத்தில், நிறை மாறாமல் நிற்கும் வரை வைக்க வேண்டும். கூடவே ஒரு வெற்றுப் படிகத்தையும் அடுப்பில் வையுங்கள். சூட்டில் தங்கத்துக்கு அடியில் உள்ள குரோமியம் மேலே ஊறி வரும், அதுவும் எண்களை நகர்த்தும். கடைசியாக ஈரப்பதம். அக்ரிலிக் பாலிமரான பிஎம்எம்ஏ நீரில் ஊறினால் தன் எடையில் சுமார் 2% நீரை இழுத்துக்கொள்ளும். 100 நானோமீட்டர் படலத்தில் அது 13 ஹெர்ட்ஸ். அறைக்காற்றில் அதன் ஒரு பங்குதான் ஏறும் என்றாலும், திங்களன்று அளந்ததும் வியாழனன்று அளந்ததும் ஒத்துப்போகாமல் இருக்க அதுவே போதும்.

நீர் வந்ததும்

படிகத்தின் ஒரு பக்கத்தில் 20 டிகிரி நீர் பட்டால் அடிப்படை அதிர்வெண் சுமார் 715 ஹெர்ட்ஸ் இறங்கும். கனாசாவாவும் கார்டனும் 1985-இல் தந்த கணக்கு இது. படிகம் தன்னை ஒட்டியிருக்கும் 250 நானோமீட்டர் அளவு நீரை மட்டும்தான் இழுத்து ஆட்டுகிறது. அந்த இழுப்பு நீரின் அடர்த்தி, பாகுத்தன்மை இரண்டின் பெருக்கலுக்கு வர்க்கமூலமாக மாறும். பாகுத்தன்மை வெப்பத்தோடு வேகமாக மாறுவதால், 1 டிகிரி நகர்ந்தால் அடிப்படையில் 8 ஹெர்ட்ஸுக்கு மேல் நகரும். பாலிமர் கணக்கில் அது 1 நானோமீட்டருக்கும் அதிகமான பொய்ப் படலம். அறையில் இருந்த பாட்டிலிலிருந்து நேரே குழாய் வழியே திரவத்தை உள்ளே விடும்போது தோன்றும் 'விரைவான ஒட்டுதல்' பல நேரங்களில் இந்த வெப்ப வேறுபாடுதான். கரைசலைத் தாங்கியின் வெப்பநிலைக்கே கொண்டுவந்து, கரைந்த காற்றையும் நீக்கிவிட்டு விடுங்கள். இல்லையென்றால் தாங்கி சூடாகும்போது குமிழிகள் பிறக்கும். படிகத்தின் மேல் நின்ற குமிழி அதிர்வெண்ணைத் திடீரென்று மேலே தூக்கும், பாலிமர் உரிந்து போனது போலவே தெரியும்.

திரவம் மாறும் ஒவ்வொரு முறையும் இதே கதைதான். 10% கிளிசரால் கலந்த நீர், படலத்தில் எதுவுமே நடக்காமல், அடிப்படையை 100 ஹெர்ட்ஸுக்கு மேல் இறக்கும். அடர்ந்த உப்புக் கரைசலும் பாலிமர் கரைசலும் அப்படியே. எந்தத் திரவத்தில் தொடங்கினோமோ அதே திரவத்தால் கழுவித் திரும்பிய பிறகு மிஞ்சும் வேறுபாடு மட்டுமே படலத்துக்கு உரியது. திறந்த கிண்ணம் போன்ற கலத்தில் அளப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். படிகம் பக்கவாட்டில் மட்டும் ஆடுவதில்லை, சிறிதளவு மேலும் கீழும் தள்ளுகிறது. அந்த ஒலியலை நீரின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பி வரும். நீர் ஆவியாகி மட்டம் குறையும்போது, 5 மெகாஹெர்ட்ஸில் ஒவ்வொரு 150 மைக்ரானுக்கும் ஒரு முறை அதிர்வெண் ஏறி இறங்கும். சீரான இடைவெளியில் அலை அலையாக வரும் தடத்தைப் பார்த்து 'பாலிமர் ஊதிச் சுருங்குகிறது' என்று எழுதிவிடக் கூடாது.

எல்லா மேற்சுரங்களும் ஒரே பக்கம் சாயும்போது

இதுவரை சொன்னவை கவனமாக இருந்தால் தவிர்க்கக்கூடியவை. இனி வருவது எவ்வளவு கவனமாக அளந்தாலும் வரும் பிழை. வாய்னோவா, ஜான்சன், கசேமோ மூவரும் 2002-இல் இதற்குக் 'காணாமல் போன நிறை' என்று பொருள்படும் பெயரையே வைத்தார்கள்.

நீருக்குள் இருக்கும் படலத்தின் வெளிப்பக்கத்தில் இப்போது காற்று இல்லை, நீர் இருக்கிறது. படிகம் ஆடும்போது அந்த நீர் படலத்தின் மேல்முகத்தைப் பிடித்து எதிர்ப்பக்கம் இழுக்கிறது. படலம் விறைப்பாக இருந்தால் வளையாது. மென்மையாக இருந்தால் வளையும், வளைந்த அளவுக்குத் தன் நிறையைப் படிகத்திடமிருந்து மறைத்துக்கொள்ளும். எவ்வளவு மறையும் என்பது தடிமனைப் பொறுத்ததல்ல என்பதுதான் இதில் முக்கியம். நீரின் பாகுத்தன்மையைக் கோண அதிர்வெண்ணால் பெருக்கினால் கிடைப்பதையும், படலத்தின் விறைப்புக் குணகத்தையும் ஒப்பிட்டால் போதும். 5 மெகாஹெர்ட்ஸில் நீருக்கு இந்தப் பெருக்கல் சுமார் 30,000 பாஸ்கல். படலத்தின் குணகம் 10⁹ பாஸ்கல் என்றால் மறைவது கணக்கிலேயே வராது. 10⁶ என்றால் 3% வரை. 10⁵ என்றால் மூன்றில் ஒரு பங்கு வரை. மேற்சுரம் உயர உயர இந்தப் பெருக்கலும் உயரும், ஆகவே மறைவதும் பொதுவாக உயரும். 'படலம் மெல்லியதுதான், 30 நானோமீட்டர்தான், சாவர்பிரே போதும்' என்ற சமாதானம் காற்றில் செல்லும். நீரில் செல்லாது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 25 டிகிரியில் நீரில் ஊறிய, மிக மென்மையான ஒரு பாலிமர் அடுக்கு. உலர்ந்த நிலையில் நைட்ரஜனில் 50 ஹெர்ட்ஸ், அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.89 மைக்ரோகிராம். நீரில் ஊறிய பிறகு உண்மையான மொத்த நிறை 155 ஹெர்ட்ஸுக்கு ஈடானது, 2.74 மைக்ரோகிராம் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் மேற்சுரத்தில் 20% மறைகிறது, அதற்கு மேல் மறைவு மெதுவாக ஏறுகிறது என்றால், மேற்சுர எண்ணால் வகுத்த பிறகு கருவி காட்டும் இறக்கம் மூன்றில் 124, ஐந்தில் 119, ஏழில் 115, ஒன்பதில் 112 ஹெர்ட்ஸ். கூடவே ஆற்றல் இழப்பு, அதாவது ஆட்டம் எவ்வளவு விரைவில் அடங்குகிறது என்பதைக் காட்டும் எண், 12×10⁻⁶ அளவில் ஏறியிருக்கும். இந்த நான்கு எண்களையும் பார்ப்பவர் என்ன சொல்வார்? 'மேற்சுரங்களுக்கு நடுவே 10% வேறுபாடுதான், சுமாராக ஒத்துப்போகின்றன. மூன்றாவதை எடுத்துக்கொண்டு ±5% என்று போடலாம்.' இங்கேதான் ஏமாந்து போகிறோம். உண்மை 155. நான்கு எண்களில் ஒன்றுகூட அதன் அருகில் இல்லை. இது உண்மையைச் சுற்றி இருபுறமும் சிதறிய பிழை அல்ல. நான்கும் உண்மைக்குக் கீழேயே நிற்கின்றன, சராசரி எடுத்தால் நிலைமை இன்னும் மோசமாகும். மேற்சுரங்கள் தங்களுக்குள் ஒத்துப்போவது வேறு, உண்மையோடு ஒத்துப்போவது வேறு. நான்கையும் நேர்கோட்டில் போட்டு மேற்சுரம் பூஜ்யம் வரை நீட்டினாலும் 130-க்குள்தான் நிற்கும், ஏனென்றால் உண்மையான வளைவு பூஜ்யத்தை நெருங்கும்போதுதான் செங்குத்தாக ஏறுகிறது. ஊறிய நீரின் அளவுக்கு வந்தால் பிழை இன்னும் பெரிதாகும். உண்மையான நீர் 1.86 மைக்ரோகிராம், மூன்றாம் மேற்சுரக் கணக்கில் 1.31. அதாவது நீரில் 30% காணவில்லை.

இதைக் காட்டிக்கொடுக்கும் சாட்சி ஆற்றல் இழப்புதான். 5 மெகாஹெர்ட்ஸ் படிகத்தில் ஆற்றல் இழப்பின் ஏற்றத்தை, மேற்சுர எண்ணால் வகுத்த அதிர்வெண் இறக்கத்தால் வகுத்தால் வரும் விகிதம் ஒரு ஹெர்ட்ஸுக்கு 4×10⁻⁷-ஐ விட மிகமிகக் குறைவாக இருந்தால்தான் படலத்தை விறைப்பானதாக எடுத்துக்கொள்ளலாம். அந்த எல்லையில் இழப்பும் இறக்கமும் சரிசமமாகிவிடுகின்றன. நம் எடுத்துக்காட்டில் விகிதம் 1×10⁻⁷ அளவில் இருக்கிறது. 'எல்லைக்குள்தானே இருக்கிறது' என்று பலர் நிம்மதியடைகிறார்கள். நாலில் ஒரு பங்கு என்பது மிகமிகக் குறைவு அல்ல. அது 20% நிறை மறைந்திருக்கக்கூடும் என்ற எச்சரிக்கை. என்னைக் கேட்டால் இந்த விகிதம் 10⁻⁸-ஐத் தாண்டிய எந்த அளவீட்டிலும் சாவர்பிரே நிறையை 'குறைந்தபட்சம்' என்ற சொல்லோடு மட்டுமே எழுத வேண்டும்.

அப்போது படலத்தின் தடிமனையும் மென்மையையும் சேர்த்தே கணக்கிடும் இயற்பியல் மாதிரியில் எண்களைப் பொருத்திப் பார்க்கலாமே என்றால், பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். ஆனால் அதுவும் கேட்டதையெல்லாம் கொடுக்கும் கற்பகத்தரு அல்ல. மூன்றிலிருந்து பதினொன்று வரை எல்லா மேற்சுரங்களின் அதிர்வெண்ணும் இழப்பும் வேண்டும். பாலிமரின் குணகம் அதிர்வெண்ணோடு மாறும் என்பதை மாதிரி அனுமதிக்க வேண்டும். 15 மெகாஹெர்ட்ஸிலும் 55 மெகாஹெர்ட்ஸிலும் ஒரே விறைப்பு, ஒரே பாகுத்தன்மை என்று பூட்டிவிட்டால், அந்தப் பூட்டின் பிழை முழுவதும் தடிமனில் போய் உட்காரும். மெல்லிய படலத்தில் தடிமனும் மென்மையும் ஒன்றை ஒன்று ஈடுகட்டிக்கொள்ளும் என்பதையும் மறக்கக் கூடாது. தொடக்க மதிப்புகளைப் பத்து மடங்கு மாற்றிப் போட்டுப் பாருங்கள். அப்போதும் அதே தடிமன் வந்தால்தான் அது அளவீடு.

கனநீரும் காப்பாற்றாது

படலத்தில் எவ்வளவு நீர் என்று பார்க்க, நீரைக் கனநீரால் (சாதாரண ஹைட்ரஜனுக்குப் பதில் கனமான ஹைட்ரஜன் கொண்ட நீர்) மாற்றும் முறை ஒன்று உண்டு. கனநீர் சுமார் 10.7% அடர்த்தி கூடியது. வெற்றுப் படிகத்துக்கு வரும் மாற்றத்தைக் கழித்தால், மிஞ்சும் கூடுதல் இறக்கம் படலத்துக்குள் இருக்கும் நீருக்கு உரியது. நியாயமான யோசனை. நம் எடுத்துக்காட்டில் ஊறிய நீர் 105 ஹெர்ட்ஸுக்கு ஈடு, ஆகவே கனநீரில் 11 ஹெர்ட்ஸ் கூடுதலாக இறங்க வேண்டும்.

ஆனால் கனநீர் அடர்த்தியில் மட்டும் வேறுபடவில்லை. 25 டிகிரியில் அதன் பாகுத்தன்மை நீரைவிட 23% அதிகம். படலத்தின் மேல்முகத்தை அது இன்னும் வலுவாக இழுக்கும், மறையும் பங்கும் ஏறும். படலத்தின் மென்மை மாறவில்லை என்று கொண்டு கணக்குப் போட்டால், மறைவு 20%-இலிருந்து 25%-க்குச் சற்று மேலே போகிறது. உண்மை நிறை 155-இலிருந்து 166 ஆக ஏறுகிறது, அதில் நாலில் ஒரு பங்கு மறைகிறது, கருவி காட்டுவது மீண்டும் 124. கூடுதல் இறக்கம் பூஜ்யம். மூன்றில் இரண்டு பங்கு நீரால் ஆன படலத்தைப் பார்த்து, சோதனை 'இதற்குள் நீரே இல்லை' என்று சொல்கிறது. எண்கள் இவ்வளவு கச்சிதமாக ஒன்றை ஒன்று அழிப்பது இந்த எடுத்துக்காட்டின் தற்செயல்தான், ஆனால் போக்கு தற்செயல் அல்ல. மென்மையான படலத்தில் கனநீர்ச் சோதனை எப்போதும் நீரைக் குறைத்தே சொல்லும். கனநீரில் ஆற்றல் இழப்பும் ஏறுகிறதா என்று பார்த்தால் இந்தப் பொறி தெரிந்துவிடும், ஏறினால் அதிர்வெண்ணை மட்டும் வைத்து நீரின் அளவை எழுதக் கூடாது. விறைப்பான படலத்துக்கு இந்தச் சோதனை நல்ல சோதனைதான்.

தடித்த படலங்களில் எல்லாமே இன்னும் வெளிப்படையாக உடையும். 10⁶ பாஸ்கல் குணகம் உள்ள கூழ் ஒன்றில், பக்கவாட்டு ஆட்டம் பரவும் சறுக்கு அலையின் அலைநீளத்தில் கால் பங்கு 5 மெகாஹெர்ட்ஸில் சுமார் 1.6 மைக்ரான், ஒன்பதாம் மேற்சுரத்தில் அதே குணகம் என்றால் 180 நானோமீட்டர்கூட இல்லை. அந்தத் தடிமனை நெருங்கும்போது படலமே தனியாக ஒத்ததிர்வு கொள்ளும், அதிர்வெண் இறங்குவதற்குப் பதில் ஏறும், பாலிமர் சேரச் சேர நிறை குறைவதாகக் கருவி சொல்லும். இது அதிர்ச்சியாக இருப்பதால் எல்லோரும் கவனித்துவிடுகிறார்கள். படிகத்தைத் தொடர்ந்து ஆடவைக்கும் அலையியற்றிச் சுற்றை மட்டும் நம்பும் எளிய கருவிகளில் இன்னொரு சிக்கலும் சேரும். இழப்பு மிகும்போது, மின்முனைகளுக்கு இடையே உள்ள மின்தேக்குத்திறனை ஈடுசெய்யாவிட்டால், சுற்று உண்மையான ஒத்ததிர்வை விட்டு விலகிய இடத்தில் பூட்டிக்கொள்ளும். பாலிமர் வேலைக்கு ஒத்ததிர்வைச் சுற்றிய அதிர்வெண்களை முழுவதும் வருடி மின்மறிப்பை அளக்கும் கருவியோ, அதிர்வை விட்டுவிட்டு அது அடங்குவதை அளக்கும் கருவியோ வேண்டும்.

நீரில் அளந்து முடித்ததும் பலர் படிகத்தைக் கழற்றிக் கழுவி வைத்துவிடுகிறார்கள். அதற்கு முன் இன்னொரு வேலை இருக்கிறது. தூய நீரால் உப்பைப் போக்கி, நைட்ரஜனில் நிறை நிற்கும் வரை உலர்த்தி, அதே படிகத்தின் உலர் நிறையை மறுபடி அளந்து, தொடக்கத்தில் எடுத்த உலர் நிறையோடு ஒப்பிடுங்கள். நீரில் காணாமல் போனதாகத் தெரிந்த நிறை உலர்ந்ததும் திரும்பி வந்தால், அது மறைந்திருந்தது மட்டும்தான். கழற்றி மாட்டும் சிதறலையும் தாண்டிக் குறைந்திருந்தால், பாலிமர் நிஜமாகவே கரைந்தோ உரிந்தோ போயிருக்கிறது. அப்போது நடுவில் எடுத்த எண் ஒவ்வொன்றும் எந்த நேரத்தில் எடுத்தது என்பதைக் குறிப்பேட்டில் தேட வேண்டியிருக்கும்.